செட்டாப் பாக்ஸை ரெக்கார்டரோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேபிள் நிகழ்ச்சியைத் தனி ரெக்கார்டரில் பதிய நினைப்பவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: ரெக்கார்டருக்குச் சேனல் தெரியாது. பாக்ஸ் எதை வெளியே அனுப்புகிறதோ அதைத்தான் அது பதியும். கீழே வரும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

கேபிள் ஒயரை நேரே ரெக்கார்டரின் ஆன்டெனா துளையில் செருகுவது அப்படி ஒன்று. அனலாக் காலத்தில் அது சரி. இப்போது ஒயரில் வருவது பூட்டிய டிஜிட்டல் சிக்னல். திறக்கும் அனுமதி பாக்ஸிடம் மட்டுமே உண்டு. ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்தாலும் பலனில்லை. இருவழி ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு பக்கத்திலும் சிக்னல் சுமார் 3.5 டெசிபல் குறையும். ஏற்கெனவே சிக்னல் பலவீனமான வீட்டில் பாக்ஸில் வரும் படமும் கட்டம் கட்டமாக உடையும். ஒயர் பாக்ஸுக்கு, பாக்ஸின் அவுட் ரெக்கார்டரின் இன்னுக்கு, ரெக்கார்டரின் அவுட் டிவிக்கு என்பதே வரிசை.

எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தால் ரெக்கார்டரில் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். எச்டிசிபி என்ற நகல் தடுப்பு செய்யும் வேலை அது, ரெக்கார்டர் பழுதில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின் உள்ள ஏவி வழியாகத்தான் பதிய வேண்டும். 576 கோடுகளுக்கு மேல் தெளிவு கிடைக்காது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சின்ன பாக்ஸ்களில் மூன்று துளைகளுக்குப் பதில் 3.5 மி.மீ. ஏவி துளை ஒன்றுதான் இருக்கும். பார்க்க ஹெட்போன் துளை மாதிரியே இருப்பதால் கையில் கிடைத்த ஒயரைச் செருகிவிடுகிறார்கள். அதற்கான ஒயரின் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள், நான்கு பகுதிகள். எதில் வீடியோ, எதில் எர்த் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் ‘கர்ர்’ என்று இரைந்தால் வீடியோ சிக்னல் ஆடியோ துளைக்குப் போகிறது என்று அர்த்தம். மறுமுனையில் சிவப்பு அல்லது வெள்ளைப் பின்னை மஞ்சள் துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள். படம் வந்தால் அப்படியே விடலாம். எப்படி மாற்றினாலும் வராவிட்டால் எர்த் இடம் மாறியிருக்கிறது. அந்த மாடலுக்கான ஒயரையே வாங்குங்கள். படம் வந்தும் கறுப்பு வெள்ளையாக உருண்டால், இரண்டு கருவியிலும் ‘பால்’ (PAL) என்ற டிவி வண்ண முறை தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் பேரை ஏமாற்றுவது டைமர். ரெக்கார்டரில் இரவு 9 மணி என்று வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் பார்த்தால் வேறு சேனல் பதிவாகியிருக்கும். பாக்ஸையும் அந்தச் சேனலில் விட்டுவைக்க வேண்டும், அல்லது பாக்ஸிலேயே ரிமைண்டர் வைத்து அது தானாகச் சேனல் மாற்றுகிறதா என்று பகலிலேயே சோதிக்க வேண்டும். சில மணி நேரம் ரிமோட் தொடாவிட்டால் தானாக அணையும் வசதி பல பாக்ஸ்களில் உண்டு. செட்டிங்கில் அதை நிறுத்தாவிட்டால் பதிவு பாதியில் வெறுமையாகும்.

பாக்ஸின் சத்தத்தைக் குறைத்தால் பல மாடல்களில் பதிவிலும் குறையும். மியூட் செய்தால் ஊமைப்படம்தான். பாக்ஸில் முக்கால் அளவு வைத்துவிட்டு டிவி ரிமோட்டில் கூட்டிக் குறையுங்கள். பதிவு ஓடும்போது பாக்ஸ் ரிமோட்டைத் தொடவே வேண்டாம். சேனல் பட்டை, மெனு எல்லாம் படத்தோடு பதிந்துவிடும்.

படத்தில் அகலப் பட்டை மெதுவாக மேலேறினால் எர்த் வித்தியாசம் காரணமாக இருக்கலாம். பாக்ஸ், ரெக்கார்டர், டிவி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். கேபிள் பின்னைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் உடனே கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். அந்தக் கசிவு துளைகளையே எரிக்கக்கூடியது. எந்த ஒயரையும் சுவிட்சை அணைத்த பிறகே செருகுங்கள்.

பென்டிரைவில் பதிபவர்களுக்கு: ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. நொடிக்கு 4 மெகாபிட் தரத்தில் மணிக்கு 1.8 ஜிபி ஆகும். சுமார் இரண்டே கால் மணி நேரத்தில் அந்த எல்லை வந்துவிடும். ஃபைலைத் தானாகப் பிரிக்காத ரெக்கார்டர் அங்கேயே நின்றுவிடும். நீளமான படம் என்றால் தரத்தை 3 மெகாபிட்டுக்கு இறக்குங்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கிடைக்கும்.