வாடகை அதே வாடகை, வசதி மட்டும் காணோம்: குடித்தனக்காரர் என்ன செய்யலாம்?

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ வாடகைக்கு வீடு பிடிக்கும்போது பேசுகிற எல்லாமே பத்திரத்தில் ஏறுவதில்லை. கொல்லையில் போர் தண்ணீர், ரேழியில் வண்டி நிறுத்த இடம், மொட்டை மாடியில் துணியும் வடகமும் காயப்போட அனுமதி என்று பாதிப் பேச்சு திண்ணையிலேயே முடிந்துவிடும். சில மாதங்கள் கழித்து மாடிக் கதவில் பூட்டுத் தொங்கும், அல்லது மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரரின் சமையலறைக்குள் போய்விடும். இந்தச் சிக்கலில் முதன்முறையாக மாட்டிக்கொண்டவர்களுக்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: வீடு யாருடைய சொத்து?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. ஆனால் அரசுக் கட்டடங்கள், வக்பு சொத்துகள், அரசு அறிவித்த கோயில், அறநிலையச் சொத்துகள் முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. நம் பக்கத்தில் தெருத் தெருவாகக் கோயில் மனையும் மடத்து மனையும் கிடக்கின்றன. வாடகை ரசீதில் கோயில் பெயரோ மடத்தின் பெயரோ இருந்தால், இந்தச் சட்டம் பொருந்துமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மேலே படியுங்கள். கிராம ஊராட்சியில் குடியிருப்பவர்களும் அப்படியே.

இரண்டாம் படி: போனது எந்த வகை வசதி?

எல்லா வசதியையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிவுநீர் மற்றும் துப்புரவு வசதி, வண்டி நிறுத்துமிடம் போன்றவை அத்தியாவசியச் சேவைகள். குடித்தனக்காரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் இவற்றை நிறுத்தக் கூடாது என்கிறது 20ஆவது பிரிவு. வீட்டுக்காரர் தாமே நிறுத்தினாலும், ஆள் வைத்து நிறுத்தினாலும் ஒன்றுதான்.

மொட்டை மாடி, கொல்லைத் தோட்டம், ஊஞ்சல் கட்டிய கூடம் ஆகியவற்றின் கதை வேறு. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். எழுதாவிட்டால், வீடு பிடிக்கும்போது அது உங்களுக்குக் கொடுக்கப்பட்டது என்பதை வேறு வழியில் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய கோடை வாரங்களில் ஆறு மணலாகக் கிடக்கும். பல தெருக்களில் போர் தண்ணீரும் கீழே போய்விடும். வீட்டுக்காரரின் குழாயிலும் காற்றுதான் வருகிறது என்றால் அது பற்றாக்குறை. சேர்ந்து லாரித் தண்ணீர் வாங்குவதுதான் வழி. அவர் தொட்டி நிரம்பி வழிய, உங்கள் குழாய் மட்டும் வறண்டிருந்தால், அதுதான் 20ஆவது பிரிவு பேசுகிற விஷயம்.

மூன்றாம் படி: சான்று சேருங்கள்

பூட்டிய கதவு, கழற்றிய குழாய், எடுத்த பியூஸ் ஆகியவற்றை நாளும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். வீடு பார்க்கும்போது தரகர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். “போர் தண்ணீர் 24 மணி நேரமும் உண்டு” என்ற ஒரு வரி பின்னால் பெரிதாக உதவும். எதிர் வீட்டு மாமி சாட்சி சொல்வார் என்று நம்பி உட்கார வேண்டாம். அவர் அந்தத் தெருவிலேயே காலம் தள்ள வேண்டியவர்.

நான்காம் படி: வாடகையை நிறுத்தாதீர்கள்

பலர் சறுக்கும் இடம் இது. “தண்ணீர் விடாதவனுக்கு எதற்குப் பணம்?” என்ற கோபம் நியாயமானது, சட்டத்தின் முன் அது உங்களுக்கே வினையாகும். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லை என்றால், வீட்டைக் காலி செய்ய வைக்க அதுவே காரணமாகும். தண்ணீரைப் பற்றிப் பேச வந்த நீங்கள், பாக்கியைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வழக்கமான தேதியிலேயே வங்கி வழியாகச் செலுத்துங்கள். கையில் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். அவர் வாங்க மறுத்தால், வாடகை அதிகாரியிடம் (யார் இவர் என்பது ஆறாம் படியில்) செலுத்தவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஐந்தாம் படி: ஒரு கடிதம்

நேரில் ஒருமுறை பேசிப் பாருங்கள். பலிக்காவிட்டால் எழுதுங்கள். நீளமாக வேண்டாம், திட்டவும் வேண்டாம்:

“ஐயா, வணக்கம். தங்கள் வீட்டின் மாடிப் பகுதியில் (தேதி) முதல் மாதம் ரூ. ____ வாடகையில் குடியிருந்து வருகிறோம். வாடகை பாக்கி எதுவும் இல்லை. வீடு பிடித்தபோது போர் தண்ணீரும் வாடகையில் அடக்கம் என்று பேசிக்கொண்டோம். (தேதி) முதல் எங்கள் பகுதிக்கான தண்ணீர் நிறுத்தப்பட்டுள்ளது. இதற்கு நாங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் தரவில்லை. இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் தண்ணீரைத் திரும்ப வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இல்லையெனில் வாடகை அதிகாரியிடம் முறையிட நேரும்.”

ஏழு நாள் என்பது சட்டம் சொன்ன கெடு அல்ல, நான் சொல்லும் கணக்கு; குடிதண்ணீர் என்றால் இரண்டு நாள் போதும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆறாம் படி: வாடகை அதிகாரி

துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி இவர். உங்கள் ஊருக்கு யார் என்பதைக் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ கேட்டால் சொல்வார்கள். விசாரணை முடியும் வரை காத்திருக்க வைக்காமல், சேவையை உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் அதைத் தனியாகக் கேளுங்கள். கேட்காமல் விட்டால் நாள் ஓடும்.

இங்கேதான் பழைய அலட்சியம் கடிக்கும். வாடகை ஒப்பந்தத்தை எழுதி, அரசின் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை. முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைப்பது பதிவு ஆகாது. பதிவு இல்லாதவர்கள் மனுவை எழுதும் முன் சட்ட உதவி மையத்தை அணுகுவது நல்லது. மாவட்ட, வட்ட சட்டப் பணிகள் குழுக்கள் நீதிமன்ற வளாகங்களில் இயங்குகின்றன. தொலைபேசி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், ஆகவே மனுவை வீட்டிலுள்ள பெண்ணின் பெயரில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். ஒப்பந்தத்திலும் அவர் பெயர் இருந்தால் சுலபம்.

மின்சாரம் என்றால்

மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தர மறுக்கிறார் என்பதற்காக அதைக் குடித்தனக்காரருக்கு மறுக்க முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, “மின்வாரியத்தில் போய்க் கேள்” என்று சொல்பவருக்குக் கடிதத்தில் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கோபத்தில் நீங்களே கம்பியை இழுத்து இணைப்புக் கொடுத்துவிடாதீர்கள். உயிருக்கும் ஆபத்து, மின்திருட்டு வழக்குக்கும் வாய்ப்பு.

சமாதானம் வந்தால்

பெரும்பாலும் கடிதம் போன பிறகு வீட்டுக்காரர் பேச வருவார். வண்டி நிறுத்திய இடத்தில் கடை கட்டிவிட்டார், இனி இடிக்க முடியாது என்றால், வாடகையில் எவ்வளவு குறைப்பார் என்று கேளுங்கள். பக்கத்துத் தெருவில் வண்டி நிறுத்த மாதம் என்ன வாங்குகிறார்கள் என்பதை விசாரித்து, அந்தத் தொகையிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். ஒத்துக்கொண்ட தொகையையும் அது அமலுக்கு வரும் மாதத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.