குளிருக்கு ஜன்னல், கதவு மாத்துனீங்களா? வரியில எப்படி கழிக்கிறதுன்னு பாருங்க

கோத்தகிரில எங்க வீட்டு ஜன்னல் எல்லாம் அப்பா காலத்து மரச்சட்டம், ஒத்தை கண்ணாடி. மார்கழி காலைல பாத்தா கண்ணாடி உள்பக்கம் தண்ணி வழிஞ்சு சட்டத்தோட கீழ்மூலைல தேங்கி நிக்கும், அந்த மூலையை விரலால அமுக்குனா நனைஞ்ச ரஸ்க் மாதிரி உள்ள போகும். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடுனா 2 யூனிட், அந்த சூடு பூரா சந்து வழியா வெளிய போயிடும். அதான் நாலு ஜன்னலுக்கும் ரெட்டைக் கண்ணாடி வச்ச யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) போட்டோம், முன்கதவையும் மாத்துனோம்.

அமெரிக்கால இருக்குற அக்கா பையன் "சித்தி, செலவுல 30 சதவீதம் வரியில திரும்ப வரும், விட்றாதீங்க"ன்னான். அது அந்த ஊர் சட்டம், வீடும் அங்கதான் இருக்கணும், ஜன்னலுக்கு 600 டாலர் கதவுக்கு 500 டாலர் தான் உச்சமா இருந்துச்சு, அதுவும் 2025 டிசம்பர் 31க்கு மேல போட்டதுக்கு கிடையாது.

நம்ம நாட்டுல ஜன்னலுக்குன்னு தனி சலுகை இல்ல. ஆனா கடன் வாங்கி வீட்டை ரிப்பேர் பண்ணா அந்தக் கடனோட வட்டியை வருமானத்துலேர்ந்து கழிச்சுக்கலாம், நாம குடியிருக்குற வீடுன்னா வருஷத்துக்கு 30,000 ரூபா வரைக்கும். 1961 வருமான வரிச் சட்டத்துல இது 24பி பிரிவு. 2026 ஏப்ரல் 1லேர்ந்து புது சட்டம், நம்பர் மாறிடுச்சு, வரம்பு மாறல.

வரி கணக்கு போட பழைய ரெஜிம், புது ரெஜிம்னு ரெண்டு முறை இருக்கு, முதல்ல நீங்க எதுல இருக்கீங்கன்னு பாருங்க, ஏன்னா புதுசுல குடியிருக்குற வீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது. பழசுல 20 சதவீத வரி ஸ்லாப்ல இருந்தா 30,000க்கு மிச்சம் ஆகுறது செஸ்ஸோட (வரி மேல போடுற 4 சதவீதம்) சேத்து 6,240 ரூபா, 30 சதவீதம்னா 9,360. அவ்வளவுதான். இதுக்காக மட்டும் யாரும் கடன் வாங்காதீங்க, எப்படியும் கடன்லதான் பண்ணப்போறீங்கன்னா விடாதீங்க. கோயமுத்தூர்ல வாங்குன வீட்டுல நீங்களே இருந்து அந்த லோனுக்கு ஏற்கனவே 2 லட்சம் வட்டி கழிக்கிறீங்கன்னா இந்த 30,000 அதுக்கு மேல வராது, ரெண்டும் சேந்துதான் 2 லட்சம்.

வீடு உங்க பேர்ல இருக்கணும். நம்ம பக்கம் பாதி வீடு இன்னும் தாத்தா பேர்லயே கெடக்கு, அத மொதல்ல சரி பண்ணுங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் வீடு இருந்து கடனும் ரெண்டு பேரும் சேந்து வாங்குனா ஆளுக்கு 30,000 கழிக்கலாம்.

கடன் ஹவுசிங் லோனாத்தான் இருக்கணும்னு இல்ல, நகைக்கடன் கூட ஆகும், அந்தப் பணம் ஜன்னலுக்குத்தான் போச்சுன்னு காட்டணும். இங்கதான் நான் தப்பு பண்ணேன். முன்கதவுக்கு கையிருப்புலேர்ந்து ரொக்கமா குடுத்துட்டு, கை காஞ்சதும் ரெண்டு வாரம் கழிச்சு நகையை வச்சேன். ஆசாரி குடுத்த ரசீது காலண்டர் தாள் பின்னாடி பென்சில்ல "கதவு 1, 22,000". ஆடிட்டர் தேதியைப் பாத்துட்டு அந்தத் தாளை அப்படியே தள்ளி வச்சுட்டாரு. ஜன்னலுக்கு ஒழுங்கா பண்ணோம், மொதல்ல கடன், அது அக்கவுண்ட்ல ஏறுனதும் அங்கேர்ந்தே கடைக்கு டிரான்ஸ்ஃபர், வீட்டு அட்ரஸ் போட்ட ஜிஎஸ்டி பில், மாத்துறதுக்கு முன்னயும் பின்னயும் போட்டோ. வருஷக் கடைசில பேங்க்ல வட்டி சர்டிஃபிகேட் கேட்டு வாங்கிக்கங்க. வட்டி மட்டும்தான் கழியும், அசலுக்கு 80சி-ல (வீட்டுக்கடன் அசலைக் கழிக்கிற பிரிவு, 1961 சட்டத்து நம்பர்) கேக்க முடியாது, ரிப்பேர் கடனுக்கு அது இல்ல.

வாடகைக்கு விட்ட வீடுன்னா கணக்கு வேற. வாடகைலேர்ந்து 30 சதவீதம் ரிப்பேருக்குன்னு தானாவே கழிஞ்சிடும், ஜன்னல் பில்லைத் தனியா காட்ட முடியாது, ஆனா கடன் வட்டிக்கு அந்த 30,000 வரம்பு இல்ல. ஹோம்ஸ்டே, காட்டேஜ் தொழிலா நடத்துறவங்களுக்கு அது பிசினஸ் செலவுக் கணக்குல போகும், ஆடிட்டர்கிட்ட பேசிக்கங்க.

சம்பளக்காரங்க ஆபீஸ்ல ப்ரூஃப் கேக்கும்போதே வட்டி சர்டிஃபிகேட்டைக் குடுத்துட்டா பிடித்தம் குறையும். விட்டுட்டா ரிட்டர்ன்ல கேக்கலாம், கடைசித் தேதிக்குள்ள பழைய ரெஜிம்னு டிக் பண்ணி போடணும். பேங்க் பேரு, லோன் நம்பர், லோன் சாங்ஷன் ஆன தேதி, பாக்கி எவ்ளோன்னு எல்லாம் கேக்கும், அந்தப் பேப்பரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருங்க.