பிஎச்.டி. இடம் தேடுகிறீர்களா? முதலில் நிதி யாருக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள்

அறிவியலில் உதவித்தொகையுடன் முனைவர் பட்ட இடம் தேடுபவர்கள், விளம்பரத்துக்குக் காத்திருக்காமல் ஆய்வு நிதிப் பட்டியல்களைத் தேடலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு கோர்டிஸ் (CORDIS), ஜெர்மனிக்கு கெப்ரிஸ் (GEPRIS), அமெரிக்காவுக்கு என்.எஸ்.எஃப். அவார்டு சர்ச் (NSF Award Search) என்ற இணையதளங்கள் உள்ளன, எல்லாமே இலவசம். உங்கள் துறைச் சொல்லைக் கொடுத்து, கடந்த சில மாதங்களில் தொடங்கிய திட்டங்களை மட்டும் பாருங்கள்; அவற்றை நடத்தும் ஆய்வாளருக்கு நேரடியாக எழுதுங்கள்.

இத்தகைய நிதியில் பெரும்பாலும் மாணவர் சம்பளமும் அடங்கும். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்குத் தரும் நிதி (ERC Starting Grant) 5 ஆண்டு வரை நீளும், பிஎச்.டி.க்கு 3, 4 ஆண்டு தேவை என்பதால், ஆள் சேர்ப்பு ஆரம்பத்திலேயே நடந்துவிடும். கடைசி ஆண்டில் இருக்கும் திட்டத்துக்கு எழுதுவது வீண் வேலை. திட்டச் சுருக்கத்தில் ஒரு பகுதியைக் குறிப்பிட்டு, அதில் உங்களால் என்ன செய்ய முடியும் என்று நான்கு வரி எழுதுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா" என்று எல்லோருக்கும் போகும் பொதுக் கடிதத்தை யாரும் படிப்பதில்லை.

சேர்க்கைக் குழுவே மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்கத் துறைகளில் இது அவ்வளவாகப் பலிக்காது. அங்கே கடைசித் தேதிக்குள் முறைப்படி விண்ணப்பித்தே ஆக வேண்டும். கற்பித்தல் உதவியாளர் பணியை நம்பியே உதவித்தொகை தரும் கணிதத் துறைகளுக்கும் இந்த வழி பெரிதாக உதவாது.