சித்தப்பாவின் பேஸ் கிட்டாரும் சுங்கை சிப்புட் மழையும்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் திருவிழா மேடைகளில் சித்தப்பா வாசித்த பேஸ் கிட்டார் இது. ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸைப் பார்த்துச் செய்த ஜப்பான் நகல். என் கைக்கு வந்தபோது பெயின்ட் உப்பி உரிந்திருந்தது, வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்றது. இப்போது நன்றாகப் பாடுகிறது. செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே. உங்களிடம் இருப்பது அசல் பழைய ஃபெண்டர் என்றால் பெயின்டைத் தொடாதீர்கள். உரித்துப் புதிதாக அடித்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

கம்பிகள், கழுத்து, பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் தகடு), பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒயர்களைப் பிரிக்கும் முன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துக் குழிக்குள் சின்ன அட்டைத் துண்டு ஏதாவது இருந்தால் குப்பை என்று வீசாதீர்கள். கழுத்தின் சாய்வுக்காக வேண்டுமென்றே வைத்தது அது.

அடுத்து, பழைய பூச்சு என்ன வகை என்று பார்க்க வேண்டும். குழிக்குள் மறைவான இடத்தில் பஞ்சால் அசிட்டோன் ஒற்றினால் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்) பிசுபிசுக்கும், பாலியெஸ்டர் (கெட்டியான பிளாஸ்டிக் பூச்சு) அசையாது. என்னுடையது பாலியெஸ்டர். பெயின்ட் ரிமூவரோடு ஒரு நாள் மல்லுக்கட்டியது வீண். ஹீட் கன்தான் சரி. பூச்சு இளகியதும் ஸ்க்ரேப்பரால் நெம்பலாம். ஒரே இடத்தில் காட்டிக்கொண்டே இருந்தால் மரம் கருகும். மாஸ்க் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

சாண்ட்பேப்பர் 120, 180, 240, 320 என்ற வரிசையில், எப்போதும் மர ரேகை போகும் திசையிலேயே. மெஷின் வேண்டாம் என்பது என் கட்சி. ஓரங்களின் வளைவை அது ஒரே நிமிடத்தில் தின்றுவிடும். கார்க் கட்டையில் தாளைச் சுற்றிக் கையால் தேயுங்கள்.

கழுத்தை நான் தேய்க்கவில்லை. சித்தப்பாவின் கட்டைவிரல் வழுவழுப்பாக்கிய இடம் அங்கே இருக்கிறது.

சரி, நான் வழுக்கி விழுந்த இடத்துக்கு வருவோம்: லேக்கர் என்ற பளபளப்பு மேற்பூச்சு அடிப்பது. மரத்தை மூடும் சீலர் பூசி, கலர் அடித்து, ஒரு சாயங்காலம் மழை விட்டதும் அஞ்சடியில் (முன் தாழ்வாரத்தில்) தொங்கவிட்டு நைட்ரோ லேக்கர் அடித்தேன். பத்து நிமிடத்தில் பளபளப்பு போய்ப் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. சித்தப்பா எட்டிப் பார்த்து, "என்னடா, மாவு பூசி வெச்சிருக்க?" என்றார்.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. வெளுப்புக்குக் காரணம் அதுதான். நம் ஊர்க் காற்றில் எப்போதும் தண்ணீர்தான். மழைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் தேய்த்து எடுக்கப் போனேன், நல்லவேளை நிறுத்தினேன். காய்ந்த ஒரு நாளில் ரிடார்டர் தின்னரை (மெதுவாக ஆவியாகும் தின்னர்) மட்டும் புகைபோல லேசாக அடித்தால் போதும். பூச்சு மறுபடி இளகி ஈரத்தை வெளியே விடும், வெளுப்பு மறையும். அதன்பின் லேக்கரிலேயே கொஞ்சம் ரிடார்டர் கலந்துகொண்டேன். 20 ரிங்கிட்டுக்குள் ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டினேன். முள் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஸ்ப்ரே கன்னைத் தொடுவேன். மழையில்லாத நாளில், வெயில் ஏறி மேகம் கூடுவதற்கு முன், எங்களுக்கு அப்படி இரண்டு மணி நேரம் கிடைக்கும். மெல்லிய பூச்சாக ஒரு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம். மொத்தம் எட்டு அடித்தேன்.

அப்புறம் நாலு வாரம் தொடக்கூடாது. காய்ந்துவிட்டது போலத்தான் தெரியும், நகத்தை வைத்தால் பதியும். அது முடிந்ததும் 1000, 1500, 2000 தாள்களைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, கார் பாலிஷ் காம்பவுண்டால் மெருகேற்றலாம்.

குமிழின் கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் இரண்டு பீச்சு பீச்சி இருபது தடவை திருகினால் போதும். பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் ஒயரை மட்டும் மறக்காதீர்கள். மறந்தால் ஆம்ப் உறுமும், கம்பியைத் தொட்டாலும் அடங்காது.

கம்பி மாட்டி டியூன் செய்தபின் ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) அழுத்திப் பாருங்கள். ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். அவசரப்பட்டால் ராடு முறியும். கம்பியின் உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், ஸ்டாண்டில் வைத்த இடத்தில் பூச்சு இளகி ஒட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தார். ஸ்டாண்டின் ரப்பர் பிடிதான் காரணம். நைட்ரோவுக்கும் அதற்கும் ஆகாது. ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது, எனக்கே இது உறைக்கவில்லை. இப்போது என் ஸ்டாண்டில் சித்தப்பாவின் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருக்கிறேன்.