அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழு: வீட்டுப் பவளத்தொட்டியிலிருந்து ஒழிக்கும் முறை

நீரின் காரத்தன்மை, கால்சியம், ஒளி, நீரோட்டம் ஆகிய அனைத்தும் சரியாக இருந்தும், தொட்டியில் உள்ள மற்ற பவளங்கள் செழிப்பாக வளர்ந்துகொண்டிருந்தும், கிளைவிட்டு வளரும் கற்பவள வகையான அக்ரோபோரா ஒன்று மட்டும் நிறம் மங்கி, பாலிப் எனப்படும் பூப்போன்ற சிறு உறுப்புகளை விரிக்காமல், அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கித் திசுவை இழந்துகொண்டே போகுமானால், நீர்ச் சோதனைப் பெட்டியை ஒருபுறம் வைத்துவிட்டு முதலில் தட்டைப்புழுவைத் தேடிப் பார்ப்பது நல்லது. புழுவைக் கொல்வது அவ்வளவு கடினமான காரியம் அன்று. அதன் முட்டைகளைக் கொல்லும் நம்பகமான மருந்து இல்லாததுதான் சிக்கல். அதனால் இந்த வேலை எப்போதும் நாள் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலையாகவே இருக்கிறது.

இந்தப் புழு 2011ஆம் ஆண்டில்தான் அமாகுசாபிளானா அக்ரோபோரே என்ற பெயரில் அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது. பின்னர் புரோஸ்தியோஸ்டோமம் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பவளம் வளர்ப்போர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதனைத் தங்கள் தொட்டிகளில் கண்டு அவதிப்பட்டிருந்தனர். கடலில் இயற்கையாக வாழும் புழு 2012ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், லிசார்ட் தீவை ஒட்டிய பகுதியில் கண்டறியப்பட்டது.

எது இந்தப் புழு, எது இல்லை

வளர்ந்த புழு பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்டது; முட்டை வடிவில், காகிதம் போல் மெல்லியதாக, ஏறக்குறைய ஒளி ஊடுருவும்படி இருக்கும். தான் தின்ற பவளத்தின் நிறமிகளையும் அதனுள் வாழும் நுண்பாசிகளையும் தன் உடலிலேயே வைத்துக்கொள்வதால், அந்தப் பவளத்தின் நிறத்தையே இதுவும் பெற்றுவிடுகிறது. ஒளி நேராகப் படாத அடிப்புறத்திலும் கிளைகளின் நிழல் பக்கத்திலும் ஒட்டிக்கிடப்பதால், தொட்டியின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவர் புழுவையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அதனை அடையாளம் காண்பது அரிது. புழுவைவிட அது விட்டுச்செல்லும் தடயம் எளிதில் தெரியும். திசுவின் மேல் சிறு சிறு வட்டங்களாக வெளிறிய கடித்தடங்கள் காணப்படும். அவை பெருகி ஒன்றோடொன்று சேரும்போது, பவளம் மொத்தமாக வெளுத்துவிட்டதைப் போன்ற தோற்றம் தரும்.

முட்டைகள் உயிருள்ள திசுவின் மேல் இடப்படுவதில்லை. திசு முடிந்து வெறும் எலும்புக்கூடு தொடங்கும் விளிம்பை ஒட்டி, பழுப்பும் பொன்னிறமும் கலந்த சிறு மணிகளாக, ஒரே அடுக்கில் நெருக்கமாகப் பதித்துவைத்தாற்போல் இருக்கும். ஒரு தொகுதியில் 20 முதல் 26 வரையிலான முட்டை உறைகளும், ஒவ்வோர் உறைக்குள்ளும் 3 முதல் 7 வரையிலான கருக்களும் இருக்கக்கூடும். கண்ணுக்குத் தப்பிய ஒரே ஒரு தொகுதி நூற்றுக்கும் மேற்பட்ட புழுக்களாக மாறலாம் என்பதை நினைவில் கொண்டால், அடிப்பகுதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்வது மிகையாகத் தோன்றாது.

தொட்டியின் கண்ணாடியிலும் மணலிலும் பாறையிலும் கூட்டங்கூட்டமாகப் படரும் செம்பழுப்புத் தட்டைப்புழு வேறு. வால் முனை பிளவுபட்டிருக்கும் அந்தப் புழு பவளத்தைத் தின்பதில்லை. அதற்கென விற்கப்படும் ஃபிளாட்வோர்ம் எக்ஸிட் போன்ற மருந்தைத் தொட்டியில் ஊற்றி அக்ரோபோராப் புழுவும் ஒழிந்துவிடும் என்று காத்திருப்பது வீண். அவ்வாறே, அக்ரோபோராவின் மேல் மஞ்சள் புள்ளிகளாக ஊரும், அரை மில்லிமீட்டர் அளவே உள்ள செம்பூச்சி ஒரு கணுக்காலி. அதற்குக் கொடுக்கும் மில்பமைசின் மருந்து தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது.

ஐயத்தை உறுதிசெய்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. நீரோட்டப் பம்புகளை நிறுத்திவிட்டு, ரப்பர்க் குமிழ் பொருத்திய நீண்ட உறிஞ்சுகுழலில் தொட்டி நீரையே எடுத்து, பவளத்தின் அடிப்பகுதியிலும் நிழல் பக்கத்திலும் பலமாகப் பீய்ச்ச வேண்டும். புழு இருந்தால், வெங்காயச் சருகு போன்ற ஒன்று பிய்த்துக்கொண்டு வந்து, விளிம்பை அலையலையாக மடக்கியபடி மிதந்து இறங்கும். மீன்கள் விரைந்து வந்து அதனைக் கவ்விவிடுவதால், பக்கத்தில் ஒருவர் டார்ச் விளக்குடன் நின்று பார்ப்பது உதவும். எதுவும் விழவில்லை என்பதால் புழுவே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கழற்றக்கூடிய பவளமாக இருந்தால், வெள்ளைக் கிண்ணத்தில் வைத்து மருந்து நீரில் முக்கிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

நாள் கணக்கு

2019ஆம் ஆண்டில் வெளியான வாழ்க்கைச் சுழற்சி ஆய்வின்படி, 27 பாகை செல்சியசில் முட்டை பொரிய சராசரியாக 11 நாள் ஆகிறது. ஒரு தலைமுறை குறைந்தது 38 நாளில் முடிகிறது. நீர் 24 பாகையாக இருந்தால் அதே சுழற்சிக்கு 64 நாள் தேவைப்படுகிறது. பொரித்த குஞ்சுகள் ஊர்வதோடு நீந்தவும் வல்லவை. அக்ரோபோரா கிடைக்காவிட்டால் அவை சில மணி நேரம் முதல் அதிகபட்சம் 9 நாள் வரையே உயிரோடிருக்கின்றன. சிகிச்சையின் ஒவ்வொரு முடிவையும் இந்த எண்களிலிருந்தே பெற வேண்டும். சென்னை போன்ற வெப்பமான ஊரில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை 27 பாகையில் நிறுத்தி வைத்திருப்பவருக்கும், குளிர்நாட்டில் 24 பாகையில் தொட்டி நடத்துபவருக்கும் ஒரே கால அட்டவணை பொருந்தாது. பிறருடைய அனுபவத்தை அப்படியே பின்பற்றித் தோற்பவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

பவளத்துக்குச் செய்ய வேண்டியவை

தொட்டியில் உள்ள அக்ரோபோரா அனைத்தையும் வெளியே எடுப்பதே முறையான தொடக்கம். நோயுற்றதாகத் தெரியும் ஒன்றை மட்டும் எடுத்துச் சிகிச்சை செய்தால், நலமாகத் தோன்றும் அடுத்த கிளையிலிருந்து புழு மீண்டும் வரும். எடுத்தவற்றைத் தனியொரு தொட்டியில், அதே வெப்பநிலை, அதே உப்புத்தன்மை, இயன்றவரை அதே காரத்தன்மையுடன் வைக்க வேண்டும். ஏற்கெனவே புழுவால் மெலிந்திருக்கும் பவளம், காரத்தன்மை திடீரென்று மாறினால் புழுவுக்கு முன்பே இறந்துவிடும்.

முக்குவதற்கு வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டிகள் மூன்று போதும்: ஒன்றில் மருந்து நீர், மற்ற இரண்டில் அலசுவதற்கான சுத்தமான கடல்நீர். கோரல் ஆர்எக்ஸ் போன்ற தயாரிப்புகளையோ அயோடின் கரைசலையோ பயன்படுத்தலாம். அளவையும் நேரத்தையும் குப்பியின் மேல் உள்ள குறிப்பின்படியே கொள்ள வேண்டும். கால்நடைகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கப்படும் லெவமிசோல் இந்தப் புழுவின் மேல் வேலை செய்யும் என்றாலும், அதனைத் தனிப் பாத்திரத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பவளங்களும் மீன்களும் வாழும் முதன்மையான காட்சித் தொட்டியில் ஊற்றக் கூடாது. இமிடாக்ளோபிரிட் கலந்த தோட்டப் பூச்சிக்கொல்லியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது இறால், நண்டு வகைகளுக்குக் கொடிய நஞ்சு. பவளத்துக்காகத் தயாரிக்கப்பட்டதும் அன்று. கையுறை, தனிப் பாத்திரங்கள், பலமுறை அலசுதல் என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்க இயலாத வீட்டில், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், அதைத் தொடாமலிருப்பதே மேல். எந்த மருந்தானாலும், கிளைகளுக்கிடையே வாழும் டெட்ராலியா நண்டு இருந்தால் அதை முதலில் அப்புறப்படுத்திக் காப்பாற்ற வேண்டும்.

மருந்து நீரில் பவளம் இருக்கும் நேரம் முழுவதும் உறிஞ்சுகுழலால் அதன் எல்லாப் பக்கங்களிலும் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து புழுவைத் தளர்த்தும். கீழே தள்ளுவது நீரின் வேகமே. பின்னர் பவளத்தைத் தலைகீழாகப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, முட்டைத் தொகுதிகளைத் தேட வேண்டும். பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற கூர்முனைக் கம்பியாலோ சிறு கத்தியாலோ சுரண்டினால் அவை வந்துவிடும். ஆயினும் சுரண்டுவதைவிட வெட்டி எறிவது நல்லது. திசு போய் வெறும் எலும்புக்கூடாக நிற்கும் அடிப்பகுதி முழுவதையும், அதனை ஒட்டியிருக்கும் பழைய ஃப்ராக் பிளக்கையும் (ஃப்ராக் எனப்படும் பவளத் துண்டை ஒட்டிவைக்கும் சிறு அடிக்கட்டை) சேர்த்து வெட்டுக்குறடால் நீக்கிவிட்டு, மீதியைப் புதிய பிளக்கில் ஒட்ட வேண்டும். வெட்ட இயலாத இடத்தில் எஞ்சியிருக்கும் வெற்று எலும்புக்கூட்டின் மேல் சயனோஅக்ரிலேட் பசையைக் கெட்டியாகப் பூசிவிட்டால், கண்ணுக்குத் தப்பிய முட்டைகள் உள்ளேயே புதைந்துபோகும். அழகாக வளர்ந்த கொத்தைச் சிறு துண்டுகளாக்க மனம் வராதுதான். ஆனால் உள்கிளைகளில் கை நுழையாத அளவுக்கு அடர்ந்த கொத்தைச் சுத்தம் செய்துவிட்டதாக நம்புவதற்கு எந்த வழியும் இல்லை.

இதனை வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். கணக்கின்படி இரு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று தோன்றலாம்; முக்கும்போது ஒவ்வொரு முறையும் சில குஞ்சுகள் தப்பும் என்பதால் அந்த இடைவெளியை நான் பரிந்துரைப்பதில்லை. கடைசியாகப் புழுவோ முட்டையோ கண்ணில் பட்ட நாளிலிருந்து ஆறு வாரம் எண்ண வேண்டும்; இடையில் ஒன்று தென்பட்டாலும் எண்ணிக்கை மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பமாகும். 24 பாகை நீரில் இந்த ஆறு வாரத்தைப் பத்தாக நீட்டுவது தகும்.

பவளத்தை முக்கியெடுத்த மருந்து நீரைச் சாக்கடையில் கொட்டுவதற்கு முன் குளோரின் ப்ளீச் கலந்து ஒரு நாள் வைப்பது முறை. கடலிலோ கடலோடு சேரும் ஓடையிலோ எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியும் அக்ரோபோரா வளர்கிறது. இந்தியாவில் கற்பவளங்கள் அனைத்தும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், இழந்த பவளத்துக்கு ஈடாகக் கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்துவருவதும் குற்றமாகும்.

காட்சித் தொட்டிக்குச் செய்ய வேண்டியவை

புழு அக்ரோபோராவை நம்பியே வாழ்வதால், அக்ரோபோரா இல்லாத தொட்டியில் அது பட்டினியால் அழியும். மற்ற பவளங்களும் மீன்களும் அங்கேயே இருக்கலாம். ஆனால் பாறையின் மேல் படர்ந்து ஒட்டிக்கொண்ட அக்ரோபோராவின் அடித்தட்டு, கொத்தை உடைத்தெடுத்த பிறகும் உயிரோடு எஞ்சி நிற்கும். விரல்நகம் அளவே இருந்தாலும் அது புழுவுக்குச் சோறு. அதனை உளியால் பெயர்க்க வேண்டும், அல்லது இரு பகுதி எபாக்சிப் பசையால் முழுவதும் மூடிவிட வேண்டும். தொட்டியில் அக்ரோபோரா இல்லாத காலத்தில் நீரை 27 பாகையில் வைத்தால் முட்டைகள் விரைந்து பொரிந்து குஞ்சுகள் பசியால் மடியும். இந்த வெப்பநிலையில் எட்டு வாரமும், 24 பாகையில் பன்னிரண்டு வாரமும் காத்திருப்பது பாதுகாப்பான அளவு.

எல்லாவற்றையும் வெளியே எடுக்க இயலாத பெரிய தொட்டிகளில், ஆறுகோட்டு ராஸ், மெலனூரஸ் ராஸ் போன்ற மீன்களும் பெப்பர்மின்ட் இறாலும் புழுவின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க உதவும்; இறால் முட்டையையும் தின்னக்கூடியது. ஆறுகோட்டு ராஸ் பின்னர் வரும் சிறு மீன்களைத் துரத்தும். மெலனூரஸுக்கு இரவில் புதைந்து உறங்க மணல் வேண்டும். இவை புழுவைக் குறைக்குமே தவிர முற்றிலும் ஒழிப்பதில்லை என்பதோடு, வெளியில் தெரியும் அறிகுறிகளையும் மறைத்துவிடக்கூடும். ஆகவே, ராஸ் உள்ள தொட்டியிலிருந்து ஃப்ராக் வாங்கும்போது, அது சுத்தமானது என்று கொடுப்பவரே மனமாரச் சொன்னாலும், புதிதாக வரும் எந்தப் பவளத்தையும் போலவே அதையும் பிளக்கை நீக்கி, முக்கி, ஆறு வாரம் தனிமையில் வைக்க வேண்டும்.

காத்திருப்புக் காலம் முடிந்ததும் எல்லாப் பவளங்களையும் ஒரே நாளில் திரும்ப வைத்துவிடாமல், மழமழப்பான மேற்பரப்பு உள்ள ஓர் அக்ரோபோராத் துண்டை மட்டும், எளிதில் கையில் எடுக்கும்படி ஒரு ரேக்கில் முதலில் வைக்கலாம். அத்தகைய வகைகளைப் புழு விரும்பித் தாக்கும் என்பது வளர்ப்போர் பலரின் அனுபவம். வாரந்தோறும் அதை எடுத்து அடிப்புறத்தைப் பார்த்து, மூன்று வாரம் கழித்தும் கடித்தடமோ முட்டையோ இல்லையென்றால், மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கத் தொடங்கலாம்.