ஏ.ஐ.ஓ. கூலரா, கஸ்டம் லூப்பா: கணினிக்கு ஏற்ற நீர்க்குளிர்விப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணினிக்கு நீர்க்குளிர்விப்புதான் வேண்டும் என்று தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் கேட்பது, ஆலையிலேயே நீர் நிரப்பி மூடப்பட்டு வரும் ஏ.ஐ.ஓ. (ஆல்-இன்-ஒன்) கூலர், பாகம் பாகமாக வாங்கி நாமே இணைக்கும் கஸ்டம் லூப் ஆகிய இரண்டில் எது செயலியை அதிகமாகக் குளிர்விக்கும் என்பதைத்தான். ஆனால் இந்தக் கேள்வியை வைத்து முடிவெடுக்க இயலாது. இன்றைய செயலிகளில் வெப்பம் மிகச் சிறிய பரப்பிலிருந்து எழுந்து, மேலே உள்ள உலோக மூடியைக் கடந்த பிறகே நீரை அடைகிறது; இடைஞ்சல் அந்தக் குறுகிய வழியில்தான் இருக்கிறது. ஆகவே 360 மி.மீ. ரேடியேட்டர் (விசிறிக் காற்றால் நீரின் சூட்டைத் தணிக்கும் பகுதி) கொண்ட நல்ல ஏ.ஐ.ஓ. கூலரை எடுத்துவிட்டு, அதைப்போல் பல மடங்கு செலவில் கஸ்டம் லூப் அமைத்தாலும், செயலியின் வெப்பநிலை பொதுவாகச் சில டிகிரி மட்டுமே இறங்கும். இரண்டுமே அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டு செல்லாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் விடை காண வேண்டிய கேள்வி, கிராபிக்ஸ் கார்டையும் நீரால் குளிர்விக்கப் போகிறோமா என்பதுதான். இன்டெல் கோர் ஐ9-14900கே செயலியின் உச்ச மின்வரம்பு 253 வாட், என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டின் வரம்போ 450 வாட். கணினிப் பெட்டிக்குள் எழும் வெப்பத்தில் பெரும்பங்கு கார்டினுடையது. விளையாட்டின்போது காதை உறுத்தும் இரைச்சலும் பெரும்பாலும் அதன் விசிறிகளிலிருந்தே வருகிறது. மேலும் கிராபிக்ஸ் சிப்பின் பரப்பு பெரியது; அதன்மேல் உலோக மூடியும் இல்லாததால், உள்ளே நீர் ஓடி வெப்பத்தை ஏற்கும் உலோகக் கட்டியான வாட்டர் பிளாக் நேரடியாகச் சிப்பின் மீதே அமர்கிறது. கஸ்டம் லூப்புக்குச் செலவிடும் பணம் பலன் தருவது இங்கேதான். கார்டைத் தொடப்போவதில்லை, செயலிக்கு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஏ.ஐ.ஓ. கூலரைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. 120 வாட் அளவிலான ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற செயலியாக இருந்தால் நல்ல காற்றுக் கூலரே போதும். ஆலையிலேயே ஏ.ஐ.ஓ. பொருத்தப்பட்ட கிராபிக்ஸ் கார்டுகளும் விற்பனைக்கு வருவதால், லூப் அமைக்கும் உழைப்பில்லாமல் இரண்டையும் நீரால் குளிர்விக்க இடைவழி ஒன்றும் உண்டு.

அடுத்து எண்ண வேண்டியது ஆயுள். ஏ.ஐ.ஓ. கூலரின் ரப்பர் குழாய்ச் சுவர் வழியாக நீர் மிக மெதுவாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான மாடல்களில் மீண்டும் நிரப்ப வழியில்லை என்பதால், நீர் குறைந்தாலும் பம்ப் பழுதானாலும் முழுக் கூலரையே மாற்ற வேண்டியிருக்கும். எனவே ஐந்தாறு ஆண்டு உத்தரவாதம் உள்ளதையும், கசிவால் மற்ற பாகங்களுக்குச் சேதம் நேர்ந்தால் ஈடு தருவதாக எழுத்தில் கூறும் தயாரிப்பையும் தேர்ந்தெடுப்பது நல்லது. கஸ்டம் லூப்பில் பரவலாகப் பயன்படும் டி5 வகைப் பம்ப் பழுதானால் பம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரேடியேட்டரும் இணைப்பான்களும் அடுத்தடுத்த கணினிகளுக்கும் உதவும். கிராபிக்ஸ் கார்டின் பிளாக் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது குறிப்பிட்ட சர்க்யூட் போர்டின் அளவுக்கே செய்யப்படுவதால், கார்டு மாறினால் பெரும்பாலும் பிளாக்கும் மாறும். அதனால், கார்டு வாங்குவதற்கு முன்பே அதன் மாடலுக்குப் பிளாக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். லூப்பில் ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட்டையும் பொதுவாக ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை வடித்து மாற்ற வேண்டும். இந்த வேலையில் விருப்பம் இல்லாதவர்கள், எவ்வளவு வசதி இருந்தாலும், கஸ்டம் லூப்பைத் தவிர்ப்பதே மேல்.

ஏ.ஐ.ஓ. வாங்குவோர் கவனிக்க வேண்டியவை குறைவு. ரேடியேட்டரின் தடிமன் சுமார் 27 மி.மீ., விசிறியின் தடிமன் 25 மி.மீ. என்பதால், கேபினெட்டின் மேல்பகுதியில் ஏறத்தாழ 55 மி.மீ. இடம் இருக்க வேண்டும். உயரமான ரேம் அங்கே இடிக்கிறதா என்றும் அளந்து பார்க்க வேண்டும். கூலரின் உள்ளே எப்போதும் சிறிது காற்று இருக்கும். அது உயரமான இடத்தில் போய்ச் சேரும். ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருந்தால் காற்று அங்கேயே தங்கிவிடும். கேபினெட்டின் அடியில் பொருத்தினால் அந்தக் காற்று பம்புக்குள் ஏறி, குமிழி உடையும் சலசலப்பு கேட்கத் தொடங்கும். பம்பின் ஆயுளும் குறையும்.

கஸ்டம் லூப் என்று முடிவு செய்தால் உலோகத்தில்தான் முதல் கவனம் வேண்டும். செம்பும் பித்தளையும் ஒரே லூப்பில் இருக்கலாம். நிக்கல் பூச்சும் சேரலாம். அலுமினியத்தை மட்டும் அவற்றோடு சேர்க்கக் கூடாது, ஏனெனில் நீரில் அவை மின்வேதி முறையில் வினைபுரிந்து அலுமினியம் அரித்துப்போகும். பல ஏ.ஐ.ஓ. கூலர்களில் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும் ஒன்றாக இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே மூடிய அமைப்புக்குள் அரிப்புத் தடுப்பான் கலந்த திரவம் அதைக் கட்டுப்படுத்துகிறது. வெறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றும் லூப்பில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பாசி பிடிக்கவும் செய்யும். தடுப்பான்கள் சேர்ந்த நிறமற்ற கூலன்ட்டே பாதுகாப்பானது. பால்போன்ற நிறத் திரவங்கள் படத்துக்கு அழகு, பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களுக்குக் கேடு.

முதன்முறை அமைப்பவர்கள் வளையும் குழாயையே எடுக்க வேண்டும். கடினக் குழாயைச் சூடாக்கி வளைக்கும் கலை பிறகு கைவரும். நீர் முதலில் செயலிக்குப் போக வேண்டுமா, கார்டுக்கா என்று குழம்பத் தேவையில்லை: நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டத்தில் 300 வாட் வெப்பத்தை ஏற்கும் நீர் ஒன்றரை டிகிரி அளவுக்குத்தான் சூடேறும். கட்டாயமான வரிசை ஒன்றே ஒன்றுதான். நீர்த்தொட்டி பம்புக்கு முன்னதாக, அதற்கு மேலே இருக்க வேண்டும். மேலே சொன்ன செயலியையும் கார்டையும் சேர்த்துக் குளிர்விக்க, அமைதியாக இயங்கும்படி இரண்டு 360 மி.மீ. ரேடியேட்டர்கள் வைப்பது என் பரிந்துரை.

நீர் ஊற்றும் முன் கைப்பம்புடன் வரும் கசிவுச் சோதனைக் கருவியால் காற்றை ஏற்றி, தயாரிப்பாளர் அனுமதிக்கும் அழுத்தத்தில் முள் இறங்காமல் நிற்கிறதா என்று கால் மணி நேரம் பார்க்க வேண்டும். பிறகு மதர்போர்டு, செயலி, கார்டு ஆகியவற்றுக்குச் செல்லும் எல்லா மின் இணைப்புகளையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 முனை இணைப்பியில் ஜம்பர் (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை இயக்கும் சிறு செருகி) செருகி, பம்பை மட்டும் இயக்கி நிரப்ப வேண்டும். தொட்டி காலியாகும் ஒவ்வொரு முறையும் பம்பை நிறுத்தி ஊற்ற வேண்டும். வறண்டு ஓடினால் பம்ப் கெட்டுவிடும். ஒவ்வொரு இணைப்பானின் கீழும் வெள்ளை டிஷ்யூ தாளைச் சுற்றி வைத்தால், கண்ணுக்கு எளிதில் தெரியாத துளியும் அதில் ஈரவட்டமாகத் தெரியும். சில மணி நேரம் ஓடியும் தாள் உலர்ந்தே இருந்தால் மற்ற இணைப்புகளைக் கொடுக்கலாம். லூப்பின் மிகத் தாழ்வான இடத்தில் வடிகால் வால்வு ஒன்றையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். அது இல்லாவிட்டால், கூலன்ட் மாற்றும் நாளில் நிறைந்த குழாயொன்றை கிராபிக்ஸ் கார்டுக்கு மேலே வைத்துக் கழற்ற நேரிடும்.