டேப்லெட்டில் இடம் நிறைந்துவிட்டதா? டெலிட் செய்யும் முன் இந்த வரிசையில் போங்கள்

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது தோப்பில் பாதிக்குமேல் விழுந்துவிட்டது. மரங்கள் நின்ற காலத்துப் படங்கள், பம்பு செட் தொட்டி ஓரமாக அப்பா துண்டை உதறிக்கொண்டு நிற்கிற படம், திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணப் படங்கள் எல்லாம் பழைய போனிலிருந்து அம்மாவின் டேப்லெட்டுக்கு மாற்றி வைத்தவை. வேறு எங்கும் இல்லை. இந்த நிலையில்தான் போன தை மாதம் அந்த 32 ஜிபி டேப்லெட், இடம் இல்லை என்று புதுப் படம் எடுக்க மறுத்தது. அதைச் சரிசெய்த விதத்தை ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள்

கூகுள் போட்டோஸைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொடுங்கள். எந்த ஜிமெயில் முகவரி இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் டேப்லெட்டில் இருந்தது கடையில் உருவாக்கிக் கொடுத்த கணக்கு. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. அதனால் புதுக் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டை ரேஷன் கார்டு உறைக்குள் எழுதி வைத்தேன்.

இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. பேக்கப்பை, அதாவது படங்களின் நகலைக் கூகுளில் ஏற்றி வைக்கும் வசதியை, ஆன் செய்யும்போது படத்தின் தரம் கேட்கும். 'ஸ்டோரேஜ் சேவர்' போதும் என்பது என் கருத்து. அது 16 மெகாபிக்ஸலுக்கு மேற்பட்ட படங்களைத்தான் அளவில் குறைக்கிறது. சாதாரண டேப்லெட் கேமரா அந்த அளவை எட்டாது.

எந்த ஃபோல்டர்கள் ஏறுகின்றன?

பேக்கப்பை ஆன் செய்தால் கேமராவில் எடுத்த படங்கள் தானாக ஏறும். வாட்ஸ்அப்பில் வந்தவை ஏறாது. செட்டிங்ஸில் பேக்கப்புக்குள் 'பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்று இருக்கும். அங்கே வாட்ஸ்அப் இமேஜஸ் ஃபோல்டரையும், நீங்களாக உருவாக்கிய ஃபோல்டர்களையும் ஒவ்வொன்றாக ஆன் செய்ய வேண்டும். எங்கள் தோப்புப் படங்கள் 'பழசு' என்ற ஃபோல்டரில் இருந்ததால் முதல் நாள் ஒன்றுகூட ஏறவில்லை.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஏற்றுகிறவர்கள் கவனியுங்கள்: டேப்லெட் அதையும் வைஃபை என்றுதான் எடுத்துக்கொள்ளும். அன்றைய டேட்டா முழுவதும் காலை டிபனுக்குள் தீர்ந்துவிடும்.

பென்டிரைவ், இடத்தைக் காலி செய்வதற்கு முன்பு

இந்த வரிசையை மாற்றாதீர்கள். இடத்தைக் காலி செய்துவிட்டால் படங்கள் கூகுளில் மட்டும்தான் இருக்கும். பிறகு பென்டிரைவில் போட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டியிருக்கும்.

டேப்லெட்டில் நேராகச் செருகுகிற, டைப்-சி முனையுள்ள 64 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்குங்கள். சாதாரண பென்டிரைவை டேப்லெட்டோடு இணைக்கிற ஓடிஜி ஒயரைவிட இதுவே மேல், ஆட்டம் இல்லாமல் நிற்கும். 'ஃபைல்ஸ்' ஆப்பில் படங்களைத் தேர்ந்து 'காப்பி டு' கொடுங்கள். 'மூவ் டு' வேண்டாம். நடுவில் பென்டிரைவ் கழன்றாலும் காப்பியில் மூலப் படம் டேப்லெட்டிலேயே இருக்கும். வருடம் வருடமாகப் பிரித்து அனுப்பி, இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் மேலிருந்து இழுத்து, 'இஜெக்ட்' கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள்.

இடத்தைக் காலி செய்வது: நான் தடுக்கி விழுந்த இடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

படங்கள் கூகுளில் ஏறிவிட்டன, இனி டேப்லெட்டில் தேவையில்லை என்று நினைத்து, போட்டோஸ் ஆப்பிலேயே நானூறு படங்களைத் தேர்ந்து குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினேன். மூன்று நாள் கழித்துக் கும்பகோணத்திலிருந்து அக்கா கூப்பிட்டு, "தம்பி, அப்பா படம் ஒண்ணு அனுப்புடா, ஃப்ரேம் போடணும்" என்றாள். தேடினேன். டேப்லெட்டில் இல்லை, கூகுளிலும் இல்லை. கை நடுங்கிவிட்டது.

காரணம் இதுதான்: போட்டோஸ் ஆப்பில் அந்தக் குப்பைத்தொட்டியை அழுத்தினால், பேக்கப் ஆன படம் இரண்டு இடத்திலிருந்தும் போய்விடும். ஆனால் உடனே அழிந்துவிடாது. பேக்கப் ஆன படம் 'டிராஷ்' பகுதியில் 60 நாள் இருக்கும். பேக்கப் ஆகாத படத்துக்கு 30 நாள்தான். நான் மூன்றாம் நாளே பார்த்ததால் 'ரீஸ்டோர்' கொடுத்து நானூறையும் மீட்டுவிட்டேன்.

சரியான வழி இது. அதே வட்டத்தைத் தொட்டு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். கூகுளில் ஏறி முடிந்தவற்றை மட்டும் தேர்ந்து, டேப்லெட்டிலிருந்து மட்டும் அது நீக்கும். ஒரே ஒரு படம் என்றால் அதைத் திறந்து, மேலே தள்ளி, 'டெலிட் ஃப்ரம் டிவைஸ்' கொடுங்கள்.

அதற்கு முன்பு ஒரு சோதனை. வேறொரு போனில் அதே கணக்கில் நுழைந்து, மிகப் பழைய படம் ஒன்றையும் நேற்றைய படம் ஒன்றையும் திறந்து பாருங்கள். டேப்லெட்டிலேயே பார்த்தால், தெரிவது டேப்லெட்டில் உள்ளதா கூகுளில் உள்ளதா என்று கண்ணுக்குப் பிடிபடாது.

அம்மாவின் டேப்லெட்டில் இப்படி 9 ஜிபி காலியானது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போய், காலை வணக்க வீடியோக்களை நீக்கியதில் இன்னும் 3 ஜிபி.

பின்சேர்க்கை

இதைப் படித்த திருத்துறைப்பூண்டி நண்பர் ஒருவர், கல்யாண வீடியோ மட்டும் பென்டிரைவில் ஏறவில்லை, இடமோ நிறைய இருக்கிறது என்று கேட்டிருந்தார். பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள் சில உண்டு. அவருடையது ஃபேட்32 என்ற முறையில் இருந்தது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. கம்ப்யூட்டரில் அதை எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறைக்கு ஃபார்மட் செய்தால் ஏறும். ஃபார்மட் செய்தால் பென்டிரைவில் இருப்பதெல்லாம் போய்விடும் என்பதால், உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்துக்கு எடுத்து வையுங்கள். சில பழைய டேப்லெட்கள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அப்படியானால் வீடியோவை இரண்டாக வெட்டித்தான் ஏற்ற வேண்டும். நண்பருக்கு எக்ஸ்ஃபேட்டிலேயே ஏறிவிட்டது.